பைபாஸ்காரர்களிடம் நாம் சொல்லாத வழி

என் ஆசை மாமாவுக்கு,

தனம் எழுதுகிறேன். நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். காலையில் படையல் போட்டாயிற்று, காக்கைக்கும் சோறு வைத்தாயிற்று. கூப்பிடுவதற்கு முன்னாலேயே காக்கை வந்துவிட்டது. உங்களுக்கு எப்போதுமே பசி பொறுக்காது.

பத்து நாளைக்கு முன்னாலேயே உங்களுக்கு ஒரு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். உங்கள் பெரியப்பா மகன் ராஜவேலு கேட்டால்தானே? "அண்ணனுக்கு ஒரு போர்டுகூட வெக்கலன்னா ஊர் காறித் துப்பும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, பைபாஸின் நடுவில் மீடியன் சுவர் உடைந்து கிடக்கிற அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே சவுக்குக் கழி நட்டுக் கட்டிவிட்டான். நீங்கள் அடிபட்ட இடமாம், அங்கே வைத்தால்தான் மரியாதையாம். யாரோ கல்யாணத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எடுத்த படம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று மேலே எழுதியிருக்கிறது, கீழே நீங்கள் பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

அந்தப் பிளெக்ஸ், சிதம்பரம் பக்கத்திலிருந்து வரும் வண்டியை மறைக்கிறது மாமா. நம் மகள் சத்யா தினமும் காலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறாள். பிளஸ் டூவுக்குச் சிதம்பரம் போக அந்தப் பக்கத்து ரோட்டுக்குத் தாண்டியாக வேண்டும். உங்கள் மூஞ்சிக்குப் பின்னாலிருந்து லாரி வருகிறதா பஸ் வருகிறதா என்று கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்க்கிறாள். பெற்ற அப்பன் இப்படியா வழியை மறைத்துக்கொண்டு நிற்பது?

ஊரில் எல்லோரும் விதி என்கிறார்கள். அவன் நேரம், அந்த நேரத்தில் லாரி வந்தது என்கிறார்கள். எனக்கு விதியின் மேல் கோபமில்லை, லாரிக்காரன் மேலும் இல்லை. உங்கள்மேல்தான் கோபம். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டாமல் எப்படி இருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இது பெட்டியில் பூட்டி வைக்கிற கடிதம் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரி எழுதுகிற கடிதம். நகல் எடுத்து டீக்கடையிலும் நீங்கள் ஓட்டிய மினிபஸ்ஸிலும் ஒட்டப் போகிறேன். ஊரும் படிக்கட்டும்.

ரோடு போடுவதற்கு முன்னால் மேப்போடு ஒரு அம்மா நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? சுனாமி வந்துபோய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். பைபாஸ் வரப்போகிறது என்று வயலில் கல் நட்டிருந்தார்கள், ரோடு இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. அதற்கு முன்பு ஜீப்பில் வந்தவர்கள் எல்லோரும் ஜீப்பிலேயே போய்விட்டார்கள். இவர் மட்டும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, சேற்றில் கல்லுக்குக் கல் நடந்து வந்து நம் வாசலில் தண்ணீர் கேட்டார்.

"சர்வே ஆபீசாம்மா நீங்க?" என்று கேட்டீர்கள்.

"இல்லங்க. ரோட்ட வரஞ்சவங்க வேற, போடப் போறவங்க வேற. நான் ரெண்டு பேருக்கும் ஆள் கெடையாது. வரஞ்சத ஒரு வெளியாள் பாக்கணும். பாத்து, எந்த எடத்துல யாரு அடிபடுவாங்கன்னு முன்கூட்டியே சொல்லணும். அதுக்குத்தான் என்னைக் கூப்புட்டிருக்காங்க."

உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போடாத ரோட்டுல யாரு அடிபடுவாங்கன்னு எப்படிம்மா சொல்லுவீங்க? ஜோசியமா?"

அவரும் சிரித்தார். "நீங்க தெனமும் நடக்கற வழியெல்லாம் சொல்லுங்க, நான் சொல்றேன். வரஞ்சவரு கெட்டிக்காரருதான். ஆனா தான் தெச்ச சட்டையில கோணல் தனக்குத் தெரியாது பாருங்க. அதான் இன்னொருத்தர் பாக்கணும்ங்கறது. இப்ப காயிதத்துல இருக்கு, தப்புன்னா ரப்பர் போட்டு அழிச்சிடலாம். ரோடு போட்டுட்டா அழிக்க முடியாதுங்க. யாராவது செத்தப்புறம் வந்து பாப்பாங்க. அப்பவும் செய்வாங்கன்னு நிச்சயம் இல்ல."

கயிற்றுக் கட்டிலில் வரைபடத்தை விரித்தார். நீங்களும் உட்கார்ந்து வழிவழியாகச் சொன்னீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, நடவுக்குப் போகிற வழி, மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழி, மினிபஸ் திரும்புகிற இடம். குமராட்சிப் பக்கம் வெள்ளம் வந்தால் மாடு ஓட்டிக்கொண்டு வருகிற வழியைக்கூடச் சொன்னீர்கள். மேப்பில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மீடியன் மூடியிருந்ததாம், தள்ளி வேறெங்கோ திறப்பு வைத்திருந்தார்களாம். "பிள்ளைங்க அவ்வளவு தூரம் போய்ச் சுத்தாதுங்க, ஏறிக் குதிக்கும்" என்று சொல்லி, அந்த அம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

கடைசியாகக் கேட்டார். இந்தக் கேள்வி எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"வேற எதுனா வழி இருக்குதுங்களா? எப்பவோ ஒரு தரம் போறதா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். "அந்தப் புளியமரத்தாண்ட..." என்பதற்குள் நீங்கள் முறைத்தீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அவ்ளோதான் எங்க ஊரு" என்று சொல்லி வரைபடத்தை நீங்களே சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

உள்ளே உங்கள் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். வெள்ளிக்கிழமை வேறு, விளக்கு வைக்கிற நேரம் வேறு. அந்த வீட்டில் நின்றுகொண்டு ஒரு பெண் சுடுகாட்டுக்கு வழி சொல்லலாமா? அந்த அம்மா போனதும் என்னை ஒரு பிடி பிடித்தீர்கள். "பெரியவரு காதுல வுழறாப்ல சொல்ல வந்தியே, உனுக்கு அறிவிருக்குதா? நல்ல நாளும் அதுவுமா!"

அவர் நம் வீட்டில் மட்டுமா கேட்டார்? எதிர்வீட்டில் பெண்ணுக்குப் பரிசம் போட்டிருந்தார்கள், அவர்கள் சொல்லவில்லை. அதற்கடுத்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், அவர்களும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் அன்றைக்குத்தான் நிலைவாசல் வைத்திருந்தார்கள். ஊர் மொத்தமும் மங்களமாகப் பேசி அந்த அம்மாவை அனுப்பி வைத்தது. அவர் கையிலிருந்த மேப்பிலும் அந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு என்றுதான் இருந்ததாம். அவருக்கு எப்படித் தெரியும்?

ரோடு வந்தது. அந்த அம்மா சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் மீடியனைத் திறந்து வைத்தார்கள். வண்டி ஒதுங்கி நின்று திரும்ப இடம் விட்டார்கள், வெள்ளைப் பட்டையாக மேடு போட்டார்கள், விளக்கும் வைத்தார்கள். மீடியன் முழுக்க அரளிச் செடி நட்டவர்கள் அங்கே மட்டும் புல்லோடு விட்டுவிட்டார்கள். அரளி வளர்ந்தால் சின்னப் பிள்ளைகள் தலை தெரியாது என்று அவர்தான் எழுதிக் கொடுத்தாராம்.

அந்த இடத்தில் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை மாமா. பள்ளிக்கூடம் விட்டால் கோழிக்குஞ்சு மாதிரி கும்பலாக ஓடிவருகின்றன, லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேகத்தைக் குறைக்கிறான். ஒன்றும் நடக்காததால் அந்த அம்மாவை ஒருத்தருக்கும் நினைவில்லை. சாகாத பிள்ளைக்கு யார் பிளெக்ஸ் வைப்பார்கள்?

பிறகு உங்கள் அப்பா போனார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து தூக்கும்போது பாடை ஒரு திசையில் போகும். புளியமரத்தடியில் இறக்கி, தலையும் காலும் மாற்றி வைத்து மறுபடி தூக்குவார்கள். அங்கே மாற்றியபிறகு பிணம் ஊரைப் பார்த்துத் திரும்பக்கூடாது. திரும்பினால் ஊரில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். அந்தப் புளியமரத்துக்கு அடுத்தாற்போலத்தான் பைபாஸ். பைபாஸுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதன் கரையில் சுடுகாடு. ரோட்டு நடுவில் இடுப்புயரத்துக்கு மீடியன் சுவர்.

சுற்றிப் போக வழி இருந்தது. பள்ளிக்கூடத்துத் திறப்பு ஒரு மைலுக்குமேல், சிதம்பரத்துக்கு எதிர்த் திசையில். அதற்குப் பாடை திரும்பி ஊருக்குள் வந்து, மாரியம்மன் கோயில் வாசலைக் கடந்து போகவேண்டும். யார் ஒத்துக்கொள்வார்கள்?

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். தப்பு மேளச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. என் அம்மா, உங்கள் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாடி இடிக்கறானுவோ?" என்று கேட்டாள். கொள்ளிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒடைங்கடா, எங்கப்பன் என்னா திருடனா, சுவரேறிக் குதிச்சிப் போறதுக்கு?" என்று நீங்கள் கத்தினீர்களாம். ராஜவேலு இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்கிறான். நானும் அன்றைக்குச் சரி என்றுதான் நினைத்தேன், அப்பனுக்குப் பிறந்த பிள்ளை வேறென்ன செய்யும் என்று.

உடைத்த வழி உடைத்தபடியே கிடந்தது. மறுநாளே பால்காரர் அதில் புகுந்து போனார். அப்புறம் டிராக்டர், ஷேர் ஆட்டோ, நீங்கள், நான், எல்லோரும்தான். ஒரு மைல் சுற்றுவது மிச்சம் என்று ஊருக்கே ஒரே சந்தோஷம். சிதம்பரத்திலிருந்து வருகிறவனுக்கு ரோடு அங்கேதான் வளைந்து திரும்புகிறது, திரும்பினதும் சந்து. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அரளி பூத்து நிற்கிறது. இந்த இடத்தில் திறப்பு வைக்க எந்தப் பைத்தியக்காரனும் வரைய மாட்டான். நாமாகவே வைத்துக்கொண்டோம்.

முதலில் அஞ்சலை அக்கா போனார். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து டி.வி.எஸ். வண்டியில் நம் தெருவுக்கு மீன் கொண்டு வருவாரே, அவர்தான். சுனாமி அன்றைக்கு ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர். நம் ஊர்ச் சந்தில் செத்தார். ரோடெல்லாம் சங்கரா மீன் சிதறிக் கிடந்தது. அன்றைக்கு நீங்கள் சோறு தின்னவில்லை. ஆனாலும் மறுநாள் காலை அந்தச் சந்து வழியாகத்தான் டூட்டிக்குப் போனீர்கள். நான் கேட்டதற்கு, "நான் பாத்துப் போவேன்டி, டிரைவருக்கு வழி சொல்றியா நீ?" என்றீர்கள்.

உங்கள் மினிபஸ்ஸில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஏறுகிற கிழவிக்கெல்லாம் கை கொடுத்து உட்கார வைத்தபிறகுதான் கியர் போடுவீர்கள். அப்படிப்பட்ட மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போய்த் திரும்பவில்லை. லாரி டிரைவர் ஓடிப்போகவில்லை மாமா. ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தெரியலக்கா, செடிக்குள்ளேருந்து வந்தாரு, சத்தியமா தெரியலக்கா" என்று என்னிடமே சொன்னார். அவரை நான் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் உங்கள் பாடையும் புளியமரத்தடியில் மாறி, அந்தச் சந்து வழியாகவே போயிற்று. இந்தத் தடவை கடப்பாரை தேவைப்படவில்லை.

கோபத்தோடேயே இந்த ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் சும்மா இருக்கவில்லை. ரோட்டுக்காரர்கள் வந்து பெரிய பெரிய சிமென்ட் கட்டையாக அடுக்கி அடைத்தார்கள். அடுத்த சாவுக்கு ஊரே சேர்ந்து உருட்டித் தள்ளிற்று. மறுபடி அடைத்தார்கள், மறுபடி தள்ளினார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை மனு கொடுக்கக் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். ஊராருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவள், எனக்கு ஒன்று அடிக்க நாலு பேப்பரைக் கிழித்துப் போட்டேன். ரோட்டுக்குக் கீழே ஒரு பாதை, ஆள் போகிற அளவுக்கு, கட்டித் தாருங்கள் என்று எழுதினேன். அங்கே ஒரு இன்ஜினியர் பொறுமையாகத்தான் படித்தார். நல்ல மனுஷர். மேப்பை எடுத்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"இதோ பாருங்கம்மா, பக்கத்துலயே வாய்க்காலுக்குப் பாலம் கட்டியிருக்காங்க. டிசைன் பண்ணும்போதே யாராச்சும் சொல்லியிருந்தா, இதையே கொஞ்சம் அகலமா, கொஞ்சம் ஒசரமா கட்டியிருப்பாங்க. தண்ணி ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் தூக்கிட்டுப் போயிருக்கலாம். மீடியன தொடவே வேணாம்."

"இப்ப கட்ட முடியாதா சார்?"

"ஓடற ரோட்ட தோண்டணும்மா. முடிஞ்சுபோன வேலை. யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் உயரமாக. கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தால் அஞ்சலை அக்கா இருந்திருப்பார், நீங்கள் இருந்திருப்பீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் காப்பாற்றினீர்களே, அதனால் உங்கள் அப்பா ஒரு நாளாவது கூட இருந்தாரா?

அந்த இன்ஜினியரிடமே நம்பர் வாங்கி, அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். 'தானே' புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கிறதே காடாம்புலியூர் பக்கம், அங்கே வேறொரு ரோட்டுக்கு வரைபடம் பார்க்க வந்திருந்தார். போகிற வழியில் நம் ஊருக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது, ஷூ மட்டும் அதே மாதிரி. சந்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்தார். அவரிடமும் கத்தினேன்.

"நீங்க படிச்சவங்கதானே? கெட்ட வழின்னா சொல்ல மாட்டாங்கன்னு தெரியாதா? நேரா கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியலம்மா அப்ப. இப்பத் தெரியும். உங்க ஊருக்கு அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் மொதக் கேள்வியே அதுதான், சுடுகாட்டுக்கு எப்படிப் போவீங்கன்னு. ஒரு ஊர்ல தொடப்பத்தத் தூக்கிட்டு வந்துட்டாங்க. திட்டிக்கிட்டேதான் சொல்றாங்க, ஆனா சொல்லிடறாங்க. இப்ப அங்க ஒரு பாலத்த அகலமா வரையச் சொல்லியிருக்கேன்."

அந்தப் பாலத்துக்குக் கீழே ஒருநாள் யாரையோ தூக்கிக்கொண்டு போவார்கள். மேலே ரோட்டில் யாரோ ஒருத்தர் சாகாமல் வீட்டுக்குக் கறி வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு உங்களையும் தெரியாது, அஞ்சலை அக்காவையும் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு வயிறுதான் எரிந்தது.

"அங்க சரிம்மா, இங்க?" என்று கேட்டேன்.

"எழுதித் தர்றேன். நடக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஊர் ஒத்துக்கிட்டா, இத அடைச்சு அரளியும் வெட்டச் சொல்லலாம். அது நாளைக்கே முடியும். ஊர் ஒத்துக்கணும்."

ஊர் எப்படி ஒத்துக்கொள்ளும்? இப்போது நம் வீட்டில் படுத்திருப்பது உங்கள் அக்கா, என் அம்மா. உங்கள் அப்பா படுத்த அதே அறையில், அதே கட்டிலில். நீங்கள் போனதிலிருந்து அவள் தேறவே இல்லை. தம்பிக்குக் கட்டிக் கொடுத்துப் பெண்ணோடு தானும் வந்து சேர்ந்தவள், தம்பிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று இருந்தவள். ஊர்க்கூட்டத்தில் நான் மீடியன் ஓட்டையை அடைக்கச் சொன்னதற்கு ராஜவேலு எழுந்து என்ன சொன்னான் தெரியுமா?

"அக்கா நல்லபடியா போறவரைக்கும் இருக்கட்டும் அண்ணி. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாசமாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. இந்தக் கட்டிலில் ஒருத்தர் படுத்திருக்கும்வரை சந்து திறந்திருக்கும். நம் ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு கட்டிலில் ஒருத்தர் படுத்துக்கொண்டேதான் இருப்பார், இல்லையா மாமா?

போன வாரம் ஒருநாள் காலையில் சத்யா போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். பிளெக்ஸுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளியிருக்கிறாள். லாரி கேரியரை உரசிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்புதான், சாப்பாட்டு டப்பா மட்டும் சக்கரத்தில் மாட்டித் தகடாகிவிட்டது. அதைக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நான் அவளைச் சுற்றிப் போகச் சொல்லாமலா இருந்தேன்? "எல்லாரும் இதுலதான்மா போறாங்க, நான் மட்டும் சுத்தினா லேட்டாயிடும், வெளிய நிக்க வெக்கறாங்க" என்பாள். நீங்கள் பெற்றதுதானே.

அம்மா அந்தத் தகட்டைக் கையிலெடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ராஜவேலு விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து வாசலில் நின்றான். அம்மா அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"ராஜவேலு, நான் செத்தா என்னை எந்த வழியா தூக்கிகினு போவீங்க?"

"என்னாக்கா பேச்சு இது? வாய கழுவு."

"கேக்கறன்ல, சொல்டா."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"சுடுகாட்டுக்குப் போற வழியத்தான்டா கேக்கறன்" என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமை, விளக்கு வைத்தாயிற்று, சத்யா பக்கத்தில் இருந்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். "எனக்கு அந்த ஓட்ட வேணாம், அடைச்சிடுங்க. பள்ளிக்கூடத்தாண்ட சுத்தித் தூக்கிகினு போங்க. எனக்கு என்னா அவசரம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ராஜவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவன் என்ன சொன்னான் என்பதையும் கேளுங்கள். "அது உன் இஷ்டம் இல்லக்கா. ஊர் வழக்கம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு ராத்திரியே பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் வந்து, உடம்பு முடியாதவள் ஏதோ உளறுகிறாள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, கடையிலிருந்து பேப்பர் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போனேன். உங்கள் பிளெக்ஸைக் கயிறு கயிறாக அறுத்து இறக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். புருஷன் படத்தைத் திதியன்றே கிழிக்கிறாள் என்று ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். கிழிக்கவில்லை மாமா, மடித்துத்தான் எடுத்து வந்தேன். மாட்டுக்கொட்டகையில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில் விரித்துக் கட்டியிருக்கிறேன். அங்கேயிருந்து சிரியுங்கள், மழை வந்தால் தண்ணீர் உள்ளே விடாதீர்கள்.

நாளையிலிருந்து காலையில் நானும் சத்யாவோடு போகப் போகிறேன், பள்ளிக்கூடத்துத் திறப்பு வரைக்கும் சுற்றி. அவளை நான் காப்பாற்றிக்கொள்வேன், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. மற்ற வீட்டுப் பிள்ளைகளை யார் சுற்றிக் கூட்டிப் போவார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டை அடுக்கினால் தள்ளுவார்கள், தள்ளினால் அடுக்குவார்கள், நடுவில் ஒருத்தர் சாவார், அவருக்குப் பிளெக்ஸ் வைப்பார்கள்.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா போகிற அன்றைக்கு அவள் சொன்ன வழியில்தான் போவாள். தோள் கொடுக்க ஊரில் ஆள் வராவிட்டால் சிதம்பரத்திலிருந்து வண்டி வைப்பேன். மாரியம்மன் கோயிலைச் சாத்திக்கொள்ளட்டும். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பார்கள், நானும் சத்யாவும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வருவோம், தெருமுனையோடு நிற்க மாட்டோம். என்னையும் அப்படியே சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று சத்யாவிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இனிமேல் எந்த ரோட்டுக்காக யார் வந்து நம் வாசலில் தண்ணீர் கேட்டாலும், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் வீட்டில் யார் படுத்திருந்தாலும், சொம்பைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன், நாங்கள் பிணம் தூக்குகிற வழி இது என்று. அப்போது முறைப்பதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்களே மாமா.

கோபம் தீராத
உங்கள் அக்கா மகள்,
தனம்